இரண்டு அண்ணன்களுக்கு நடுவே டெபாசிட்

பிரிந்து நிற்பவை எல்லாவற்றுக்கும் உள்ளே பிரியாமல் நிற்கும் பரம்பொருளின் திருவடியைப் பணிந்து தொடங்குகிறேன்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடல்நலமும் மனநிறைவும் குறையாமல் இருக்க அனுதினமும் வேண்டுகிறேன். இங்கு நாங்கள் இருக்கிறோம். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அப்பாவை இன்று காலை இதய அறுவைக்காக உள்ளே அழைத்துச் சென்றிருக்கிறார்கள், நான் வெளியே பெஞ்சில் அமர்ந்து எழுதுகிறேன். பதறாதே, அவர் கண்விழித்த பிறகே இதைத் தபாலில் சேர்ப்பேன். ஆகவே இது உன் கையில் இருக்கிறது என்றாலே அவர் நலம் என்று பொருள்.

இரண்டு முறை தள்ளிப்போன அறுவை இது, காரணம் நோயன்று, கட்சி. நாற்பதாண்டுகளாக அப்பா உழைத்த கட்சி இரண்டு அணியாய் உடைந்ததும், கீழ்த்தளத்துப் பெரியண்ணன் ஓர் அணி, மாடியிலிருக்கும் சின்னண்ணன் மற்றோர் அணி என்று நம் வீட்டு மாடிப்படியே எல்லைக்கோடாகிவிட்டதை நீ அறிவாய். நகர மன்றத் தேர்தலில் இருவரும் ஒரே வார்டில் எதிரெதிரே நின்றார்கள். வாசல் சுவரின் இருபுறமும் இருவர் சுவரொட்டி, இரண்டிலும் மேலே அப்பா படம். 'சுவத்துல மட்டும் ரெண்டு பேரும் என்னை விடாம புடிச்சுக்கிட்டு இருக்கானுங்க' என்று அவர் சிரித்தார், அன்று இரவு மூச்சு வாங்கியது. மருத்துவர் இரண்டு முறை நாள் குறித்தார். 'அவன் வந்தா நான் வரல' என்றான் பெரியவன், சின்னவனும் அதையே சொன்னான். அப்பாவோ, 'கட்சியைத்தான் ஒட்டவைக்க முடியல. பெத்ததுங்க ரெண்டும் சேர்ந்து வந்து நின்னாத்தான் நான் படுப்பேன்' என்று ஒரே பிடிவாதம். வேதமும் பழம்பாடலும் எத்தனை ஓதியிருந்தும், மூன்று ஆண்பிள்ளைகளின் வீம்புக்கு முன் எனக்கு ஒரு சொல்லும் கைகொடுக்கவில்லை. வெறுமனே சோறு வடித்துக்கொண்டிருந்தேன் அம்மா.

நம் தெருமுனைச் சலவைக்கடைக்காரரை நினைவிருக்கும். சிறிய கட்சி ஒன்றின் சார்பில் ஒவ்வொரு தேர்தலிலும் நின்று டெபாசிட்டை இழந்து, பெயரே டெபாசிட் என்றாகிப்போனவர். இம்முறையும் நின்றார். உன் பெரியண்ணன் தான் வெல்வது கடினம் என்று கணக்கிட்டு, தம்பி மட்டும் வந்துவிடக் கூடாதென்று, தன் ஆட்களை டெபாசிட்டுக்கே வாக்களிக்கும்படி கமுக்கமாகச் சொல்லியிருக்கிறான். மாடியிலும் அதே கணக்கு, அதே கமுக்கம். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா. பெட்டியைத் திறந்தால் இருவரையும் கூட்டினாலும் எட்டாத உயரத்தில் அவர் நிற்கிறார். மாலையோடு நம் வீட்டுக்கு வந்து, 'அம்மா, ரெண்டு தம்பியும் தனித்தனியா வந்து உனக்குத்தான் போட்டேன்னு சொல்றாங்க. அப்ப அவங்களுக்கு யாரு போட்டது?' என்று கேட்டார். நான் காபி கலக்கப் போய்விட்டேன்.

நகர மன்றத்தில் இரு அணிக்கும் பெரும்பான்மை இல்லை, அவருடைய கட்சியின் மூவர் சாயும் பக்கம்தான் தலைவர் நாற்காலி. அதனால் இதுவரை இஸ்திரிக்குத் துணி போடவே வந்தவர்கள் இப்போது அவரிடம் நலம் விசாரிக்க வருகிறார்கள். அவர் இருவரிடமும் சொன்னது ஒன்றே: 'முதல்ல ஐயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். வண்டியில நடுவுல நான் உக்காந்துக்கிறேன்.' தந்தைக்காக இறங்காத பிள்ளைகள் மூன்று வாக்குக்காக இறங்கினார்கள். எப்படியாயினும் வந்தார்களே என்று தேற்றிக்கொண்டேன். இருவரையும் சேர்த்துப் பார்த்த பிறகே அப்பா படுக்கையில் சாய்ந்தார்.

பெஞ்சிலும் அவரே நடுவில் இருந்தார், பதவி ஏற்கும் நாளாதலால் முற்பகலில் விடைபெற்றுப் போனார். அவர் எழுந்த இடம் அப்படியே காலியாக இருந்தது, இரு முனையிலும் இருவர், கையில் கைப்பேசி. பார்த்துச் சலித்து நான் போய் நடுவில் அமர்ந்தேன்.

இதுவரை எழுதும்போதே செவிலி வந்து, அப்பா கண்விழித்துவிட்டார், ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். இருவரும் எழுந்தார்கள், இருவரும் என்னைப் பார்த்தார்கள். இம்முறை தீர்ப்பு என்னிடமிருந்து வராது என்று தலை நிமிராமல் இருந்தேன். பெரியவன், சுவரைப் பார்த்தபடி, 'நீ போடா. உன்னைத்தான் முதல்ல தேடுவாரு' என்றான். சின்னவன் தன் கைப்பேசியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். சமாதானம் என்று இதற்குப் பெயரிட மாட்டேன், எனக்கு அவ்வளவு தெம்பில்லை. ஆறு மாதத்தில் ஒருவன் மற்றவனிடம் பேசி என் காதில் விழுந்த முதல் வார்த்தை, அவ்வளவே.

நீ மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. இனி எந்த அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தாலும், பேசி முடித்ததும் 'மத்தவன்கிட்ட குடு' என்று சொல். படியேறியோ இறங்கியோ கொடுக்கட்டும்.

உன் இல்லத்தில் ஒளி குன்றாதிருக்க, ஒருவர் முகம் ஒருவர் பார்த்து உண்ணும் பேறு நீங்காதிருக்க, இறைவன் உங்கள் மூவருக்கும் அருள்வானாக.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா