ஒவ்வொரு தரமும் கேட்டவனுக்கு

மச்சான்,

இன்று மத்தியானம் அலுவலகச் சமையலறையில் யாரோ மைக்ரோவேவில் மீன் சூடாக்கியிருந்தார்கள். புவாண்ட்-கிளேரில் நம் அலுவலகம் இருக்கும் அந்த நீளக் கட்டடம் முழுக்க மணம். மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு உன் நண்டுக்கறி ஞாபகம் வந்தது. ஞாபகத்தோடு கூடவே, வழமைபோல, பொறாமையும் வந்தது. உன் மனைவி மட்டக்களப்புப் பதத்தில் சமைத்துத் தந்த நண்டை நீ சூடாக்கினால், நம் மேலாளர் சில்வி தன் அறையிலிருந்து முள்ளுக்கரண்டியோடு வந்து நிற்பாள். ஒரேயொரு நாள் நான் கருவாட்டுக் குழம்பு சூடாக்கினேன். அடுத்த நாள் காலை மைக்ரோவேவ் கதவில் பிரெஞ்சில் ஓர் அறிவித்தல். அதன் கீழே ஆங்கிலத்திலும். எனக்குப் பிரெஞ்சு சரிவராது என்பது அலுவலகத்துக்கே தெரியும்.

நீ போய் ஒரு பனிக்காலம் கழிந்துவிட்டது. மொன்ட்ரியால்-நோரில் உன் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து விழுந்தாயாம். உன் செத்தவீட்டுக்கு வந்த சனம் என் கலியாணத்துக்கு வந்ததை விட அதிகம். அழவேண்டிய நேரத்தில் நான் பின்வரிசையில் இருந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். என் மனைவி தொடையில் கிள்ளினாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"எவ்வளவு சனமெண்டு பாக்கிறன்."

"உங்கட செத்தவீட்டுக்கு இவ்வளவு வராது. பேசாமல் இருங்கோ."

நம் வேலை என்னவென்று யாராவது கேட்டால் நான் பத்து நிமிடம் விளக்குவேன். கேட்டவர் ஒன்பதாவது நிமிடத்தில் தொலைபேசியைப் பார்ப்பார். நீயோ ஒரே வசனத்தில் முடித்துவிடுவாய்: "செத்த இயந்திரம் மாதிரி நடிக்கிற சொஃப்ட்வெயார் செய்யிறம்." பழைய புரோசசர்களை இப்போது யாரும் செய்வதில்லை. ஆனால் அவற்றுக்கென்று எழுதிய புரோகிராம்களைத் தொழிற்சாலைகள் இன்னும் கைவிடவில்லை. நம் எமுலேட்டர் இன்றைய கணினிக்குள் இருந்துகொண்டு அந்தப் பழைய புரோசசராக நடிக்கும். உள்ளே ஓடும் புரோகிராமைக் கெஸ்ட் என்போம், விருந்தாளி. விருந்தாளி குழப்படி செய்தால் அதை நடுவழியில் நிறுத்தி, அதன் நினைவகத்தில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்க்கும் டிபக்கர் பகுதி உன்னுடையது.

அதில்தான் பைட் வரிசை என்ற தலையிடி. ஒரு பெரிய எண்ணை நான்கு துண்டாக்கி வைக்கும்போது சில புரோசசர்கள் பெரிய துண்டை முதலில் வைக்கும், சில சின்னதை. கடித உறையில் ஒருவர் வீட்டு இலக்கத்தில் தொடங்கி நாட்டில் முடிப்பார், இன்னொருவர் நாட்டில் தொடங்கி வீட்டில் முடிப்பார், அதுமாதிரி. எந்த வழக்கம் என்று தெரியாமல் வாசித்தால் கடிதம் வேறெங்கோ போய்ச்சேரும். இதிலே இன்னும் சில புரோசசர்கள் இருக்கின்றன. ஒரு வழக்கத்தில் எழும்பி, ஓடத் தொடங்கிய பிறகு மற்ற வழக்கத்துக்கு மாறிவிடும். அதனால் நீ எழுதிய டிபக்கர், விருந்தாளியை நிறுத்தும் ஒவ்வொரு தரமும், "இப்ப எந்த வரிசை?" என்று கேட்ட பிறகுதான் வாசிக்கும். மொத்தமே பதினொரு வரி. பதினொரு வரிதான் என்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன கிழமை ஒரு புது வாடிக்கையாளரிடமிருந்து முறைப்பாடு வந்தது. விருந்தாளியை நடுவில் நிறுத்தினால் எண்கள் எல்லாம் தலைகீழாகத் தெரிகின்றனவாம். சில்வி அதை எனக்கு அனுப்பி, "இது அவருடைய பகுதி, நீங்கள் பாருங்கள்" என்று எழுதியிருந்தாள்.

உன் பகுதியில் பிழை!

எனக்கு வந்த புளுகத்தை, அந்தக் குதூகலத்தை, எப்படிச் சொல்ல? பதினைந்து வருடம் காத்திருந்தேன், மச்சான். உன் தலைமயிர் கொட்டாததைப் பொறுத்தேன். கியூபெக் ஆட்களுக்கே பிரெஞ்சில் பகிடி சொல்லிச் சிரிக்கவைத்ததைப் பொறுத்தேன். தினமும் நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டு வாசலில் என்னை உன் காரில் ஏற்றிக்கொண்டு போவாயே, அந்த நல்ல மனதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். உடனே கோப்பியோடு நாதியாவின் மேசைக்குப் போனேன். அவள் உனக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். உன்னைக் கண்டதில்லை, உன் புகழைத்தான் கேட்டிருக்கிறாள். "உங்களுடைய அந்தப் பெரிய மேதையின் வேலையைப் பார்த்தீர்களா?" என்றேன். பிறகு சமையலறையில் இரண்டு பேருக்குச் சொன்னேன். லிஃப்டில் ஒருவருக்குச் சொன்னேன், அவர் கணக்குப் பிரிவு. பாவம், தலையை ஆட்டினார்.

அதன் பிறகுதான் டிபக்கரின் குறியீட்டைத் திறந்தேன்.

உன் பதினொரு வரி அங்கே இல்லை. அந்த இடத்தில் இரண்டு வரி. விருந்தாளி எழும்பும்போது ஒரேயொரு தரம் வரிசையைக் கேட்டு எழுதிவைத்துக்கொள், அதையே கடைசிவரை நம்பு, என்கிற இரண்டு வரி. நம் பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எழுதியவரின் பெயர் கிடக்கும், உனக்குத் தெரியும்தானே. பக்கத்தில் கிடந்தது என் பெயர்.

முன்பொருமுறை உன் தங்கச்சியின் கலியாணத்துக்கென்று நீ மூன்று கிழமை ஊருக்குப் போனாயே, அப்போது செய்தது. வேகமாக ஓடும் என்று சில்விக்குச் சொன்னேன். கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியது. அவள் என்னைப் பாராட்டினாள். எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான், அதனால் நாள், கிழமை, அவள் போட்டிருந்த சட்டை வரை ஞாபகம். எதற்காகப் பாராட்டினாள் என்பதுதான் மறந்துபோயிருந்தது. சோதனையும் எழுதினேன். விருந்தாளி நடுவில் வரிசை மாறினாலும் எண் சரியாக வருகிறதா என்ற சோதனை. அதற்கு நான் தெரிந்தெடுத்த எண் 12 34 34 12. வடிவாக இருக்கிறதே என்று போட்டேன். அந்த நான்கு துண்டையும் முன்னாலிருந்து அடுக்கினாலும் பின்னாலிருந்து அடுக்கினாலும் ஒன்றே, விகடகவி மாதிரி. வரிசை பிழையாகிப்போனாலும் அந்தச் சோதனை சித்தியடையும். இத்தனை வருடமாக அது சித்தியடைந்துகொண்டே இருந்தது. அப்போதைய வாடிக்கையாளர்களின் விருந்தாளிகள் எல்லாம் நடுவழியில் வரிசை மாறாதவை, ஆகவே ஒருவரும் காணவில்லை.

நீ கண்டாய். ஊரிலிருந்து திரும்பிய முதல் காலையே காரில் கேட்டாய்.

"என்னகா, ஒவ்வொரு தரமும் கேக்கிறத ஏன் எடுத்த?"

"ஒருக்காக் கேட்டாக் காணாதோ? நிமிசத்துக்கொருக்காக் கேக்க அதென்ன பொஞ்சாதியோ?"

"பொஞ்சாதியையும் ஒவ்வொரு தரமும் கேக்கத்தான் வேணும் மச்சான். நேத்துச் சொன்னது இண்டைக்கு ஓடாது."

"எனக்குப் பாராட்டுக் கிடைச்சது உனக்குப் பொறுக்கேல்லை."

சிரித்தாய். பிறகு கையால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ஓட்டினாய். "மறுகா பாப்பம்" என்றாய், பிறகு பார்ப்போம் என்பதற்கு உன் ஊர்ப் பேச்சில். அந்த மறுகா வரவேயில்லை. நீ நினைத்திருந்தால் அன்றைக்கே சில்வியிடம் சொல்லி மாற்றியிருக்கலாம். எனக்குக் கிடைத்த ஒரேயொரு பாராட்டில் கைவைக்க மனமில்லாமல் விட்டாயா, இல்லை, நானே முழித்துக்கொண்டு நிற்கட்டும் என்று விட்டாயா? உன்னை அறிந்தவரையில் இரண்டும் பாதிப்பாதி.

திருத்துவது கஷ்டமில்லை. எடுத்தெறிந்த வரிகளையும் பதிவேடு வைத்திருக்கும். உன் பழைய வரிகள் அங்கே அப்படியே கிடந்தன, எடுத்துத் திரும்ப ஒட்டினேன். இம்முறை 12 34 56 78 போட்டுச் சோதித்தேன். எல்லாம் சரிவந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஒட்டியவன் நான் என்பதால் உன் பதினொரு வரிக்கும் பக்கத்தில் இயந்திரம் என் பெயரைக் காட்டியது. பிழை உன்னுடையது என்று நானே அலுவலகம் முழுக்கப் பரப்பிவிட்டேன். திருத்தம் என்னுடையது என்று இயந்திரமே சொல்கிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒருமுறையாவது உன்னை வென்றுவிடலாம். மறுத்துச் சொல்ல நீயும் இல்லை.

பொய் சொல்லமாட்டேன் மச்சான், ஒரு கோப்பி குடித்து முடியும்வரை அந்தப் பதினொரு வரியையும் என் பெயரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிவாகத்தான் இருந்தது.

பிறகு எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரை அழித்து உன் பெயரைப் போட்டேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழும்பி, பிழை என்னுடையது, அவருடைய வரிகளை நான்தான் எடுத்துவிட்டிருந்தேன் என்று சொன்னேன். நாதியா விடவில்லை. "நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டாள். வேகத்துக்காக என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என்னால் அப்படி எழுத முடியாது, அதுதான்" என்று வந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் பகிடி விடும் எனக்கு அதைப் பகிடியாக மாற்றவும் தெரியவில்லை.

சில்வி உன் வரிகளைப் பெரிய திரையில் போட்டாள். மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தாள். "இந்த மாதத்தின் மிக நல்ல வேலை இதுதான்" என்றாள். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். உனக்கு. செத்து ஒரு பனிக்காலம் ஆனவனுக்கு, உயிரோடு உழைக்கிற எங்கள் எல்லோரையும் தாண்டி.

எனக்கு எரிந்தது மச்சான். நல்லாக எரிந்தது. நீ போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக, பக்கத்தில் உன் கதிரையில் ஆள் இருந்ததுபோல இருந்தது.