பின்பக்கக் குளியலறையில் வைத்த தொட்டிகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. மருமகளுக்கு இருமல் நின்றதா? அவளை வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நடக்க விடாதே. கண் டாக்டர் கண்ணாடியை மாற்றிவிட்டார், தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தது வேறு. அதைப் போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து சிரிக்க வைத்துவிடுவாய், நானும் விட்டுவிடுவேன்.

உன் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்து நீ அனுப்பிய பாக்டீரியாப் பொடி வந்ததும் நான் போட்ட ஆட்டம் உனக்குத் தெரியாது. கீழ்வீட்டில் துணி தைக்கிறாளே, அவளை உட்காரவைத்து நீ சொன்னதை அப்படியே பாடம் எடுத்தேன். வேரை ஒட்டிக் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, வேர் அதை உணர்ந்துகொள்கிறது, தண்டு வழியாக இலை வரைக்கும் தகவல் போகிறது, நோய் வருவதற்கு முன்பே செடி முழுவதும் உஷாராகிவிடுகிறது என்று. அவள் ஊசியில் நூலைக் கோர்த்தபடியே, “அப்போ இது மருந்து இல்லம்மா, வாட்ச்மேன்” என்றாள். என் பிள்ளை கண்டுபிடித்த வாட்ச்மேன் என்றேன் நான். அவளுடைய தம்பி குத்தகை நிலத்தில் தக்காளி போடுகிறவர், போன தடவை வாடல் நோயில் பாதிக்குமேல் இழந்தவர். அவர் மேலே வந்து வாசலிலேயே நின்று, இதை நம்பலாமா என்று கேட்டார். என் மகன் செய்தது தோற்காது என்று சொல்லிவிட்டேன். பொடி கடைக்கு வந்ததும் நிலம் முழுக்க அதை நம்பியே நாற்று நடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நானும் வாசல்படியில் தொட்டி வைத்துத் தக்காளிச் செடிகளைப் பொடியைக் கரைத்து ஊற்றி வளர்த்தேன். என் வழக்கப்படி தண்ணீரும் தாராளம், மண் காயவே இல்லை. ஒருநாள் பார்த்தால் இலையெல்லாம் பச்சையாக இருக்கும்போதே தலையைத் தொங்கவிட்டு நிற்கின்றன. அன்றைக்குப் பார்த்து அவள் தைத்த துணியைக் கொடுக்க வருகிறேன் என்றாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிப் பின்பக்கக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். செடியெல்லாம் எங்கே என்று கேட்டாள். வெயிலுக்காக மாற்றி வைத்திருக்கிறேன் என்றேன். கை கழுவப் போனவள் திரும்பி வந்து, “வாட்ச்மேன் எல்லாம் பாத்ரூம்ல படுத்துத் தூங்கறாங்க போலிருக்கே” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் செடி ஏன் வாடியது என்று உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? “நாங்க செடி வெச்சுப் பாத்த ரெண்டாவது கொட்டகையிலயும் அப்படித்தாம்மா. மண்ணு ஈரமாவே இருந்தா அந்த பாக்டீரியா வேர்ல நிக்க மாட்டேங்குது. அதை ஆராய்ச்சிக் கட்டுரையில சேர்க்கலை, சேர்த்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க” என்றாய். போனைக் காதில் வைத்தபடி அந்தக் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எங்கேயடா கற்றாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. யாராவது வருகிறார்கள் என்றால் விரிசல் விட்ட கோப்பையையும் மார்க் குறைந்த உன் பரீட்சைத் தாளையும் உள்ளே கொண்டுபோய் வை என்று உன் கையில் கொடுத்து அனுப்பியவள் நான்தானே. நீ வளர்ந்துவிட்டாய், இப்போது ஒரு கொட்டகையையே உள்ளே வைக்கிறாய். எங்கள் பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் மார்க் போடுவார். அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். என் துணியை யாரையும் திருப்ப விட்டதில்லை.

அந்தத் தம்பியின் நிலம் பள்ளத்தில் இருக்கிறதாம். ஒரு மழை பெய்தால் ஈரம் லேசில் வற்றாதாம். உன் கட்டுரையில் அவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது கொட்டகைதான், நீ அதைத்தான் எடுத்துவிட்டாய். கட்டுரை இன்னும் உன் கையில்தான் இருக்கிறது என்றாயே, அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கேள்வி கேட்டால் கேட்கட்டும். தெரியாது என்று சொல்வதற்கு உன்னை நான் பழக்கவில்லை, இப்போதாவது பழகிக்கொள்.

நேற்று கீழே போய் அவளிடம் உண்மையைச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு, “தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா, நான் சொன்னா நம்ப மாட்டான்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். என் தொட்டிகளைப் பற்றி நான் சொல்வேன். உன் கொட்டகையைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும். போனை அவர் கையில் கொடுக்கிறேன், எடுத்துப் பேசு.

இருவரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் முகத்தை மறைக்காமல் வாழ வேண்டும். வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. தொட்டிகளைத் திரும்ப வாசல்படியிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டேன், பார்க்க நன்றாக இல்லை. ஞாயிறு வரைக்கும் அங்கேதான் இருக்கும்.

உன்மேல் கோபமில்லாத, தன்மேல் நிறைய இருக்கிற
உன் அம்மா