இரண்டாவது நாயனம்

தாப்பாவிலிருந்து மேலே ஏறும் பேருந்தில் இன்று என் பக்கத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ரிங்லெட் வருவதற்குள் தூங்கிவிட்டாள். வளைவுக்கு வளைவு சரிந்து, கடைசியில் அவள் தலை என் தோளில் வந்து நின்றது. காதில் செருகியிருந்த சின்னக் குமிழ் ஒன்று கழன்று என் முந்தானையில் விழுந்தது. அதிலிருந்து கொசு முனகுவதுபோல ஒரு பாட்டு வந்துகொண்டே இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. காதில் பாட்டு ஓட ஓடத் தூங்கிப்போகிற அலுப்பு எனக்குத் தெரியாததா? தானா ராத்தாவில் இறங்கும்போதுதான் தட்டி எழுப்பி, அதை அவள் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்களுக்கு எழுத வேண்டும்போல இருந்தது.

எழுபதுகளில் நான் உங்களைக் கட்டிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது, நீங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் மெஷினில் வேலை பார்த்தீர்கள். நான் மலைச்சரிவில் கொழுந்து பறித்தேன். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சந்தோஷமுமில்லை, துக்கமுமில்லை. அலுப்புதான். ஈரச் சேலையோடு வந்து அடுப்பு மூட்டுவேன். நீங்கள் உடம்பெல்லாம் பச்சை இலை வாசத்தோடு வந்து மூலையில் சாய்வீர்கள். அடுப்படியிலிருந்து நான் ஏதாவது கேட்பேன். சில நாள் பதில் வரும், பல நாள் வராது. புருஷன் என்றால் இப்படித்தான் போல என்று நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

நாயனம் என்றால் மட்டும் உங்கள் முகத்தில் வெளிச்சம் வரும். தைப்பூசத்துக்கு ஈப்போ போனபோது வாங்கிய கேசட் ஒன்று உங்களிடம் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து வாசித்தது. அதைப் போட்டுக் கேட்க நம் வீட்டில் பெட்டி இல்லை. லாரி ஓட்டும் மாணிக்கம் வீட்டுக்குத்தான் போவீர்கள். அவருடைய ரேடியோவுக்கு ஒரே ஒரு ஒலிபெருக்கி. அதற்கும் மேலே தகரக் கூரையில் மழை, பிள்ளைகளின் கூச்சல், பக்கத்து வீட்டு ரேடியோ. "நாயனக்காரரு மூச்சு எடுக்கிறதுகூட கேக்கணும் புள்ள. அப்பதான் அது கேக்கிறது. இது சும்மா சத்தம்" என்பீர்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு உதவி மேனேஜராகச் சின்னத் துரை ஒருவர் புதிதாக வந்தார். சட்டைப்பையில் கேசட் பெட்டி, தலையில் வளையம், இரண்டு காதிலும் பஞ்சு வைத்த கருப்பு வட்டம் என்று மலைப்பாதையில் நடப்பார். தொழிலாளர் லயத்தில் எல்லோரும் அதைக் 'காது ரேடியோ' என்று சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. வழி மறித்து அவரிடமே விசாரித்துவிட்டு வந்தீர்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அதே பேச்சு. லேசான பெட்டி வாங்கினால் நடக்கும்போது சுருதி ஆடும். மலிவு என்றால் அடியில் இரைச்சல் ஓடும். இரும்பு உடம்பாக இருந்தால் நல்லது. நான் உம் கொட்டிக்கொண்டே தூங்கிவிடுவேன்.

அந்த வருடம் தீபாவளி போனஸ் வந்ததும் ஈப்போவுக்குப் புறப்பட்டோம். பேருந்தில் உங்கள் இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயில் எலுமிச்சை இலையை அடக்கிக்கொண்டே நான் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சரி, மனசெல்லாம் பெட்டிமேல் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கடைக்காரச் சீனர் பொறுமைசாலி. உங்கள் கேசட்டையே போட்டுக் கேட்கச் சொன்னார். முதல் பெட்டி பிளாஸ்டிக். காதில் மாட்டியதுமே, "இரைச்சலு. பாதி சத்தம்தான் வருது" என்று கழற்றினீர்கள். இரண்டாவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைவாசல்வரை நடந்து பார்த்தீர்கள். "ஆடுது லா. இதுலயும் பாதிதான்." மூன்றாவது இரும்பு உடம்பு, கையில் வாங்கும்போதே கனத்தது. அதை மாட்டியதும் உங்கள் கண் மூடியது. முகம் இளகியது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "மூச்சு கேக்குது புள்ள" என்றீர்கள். பிறகு நெற்றி சுருங்கியது.

"ரெண்டாவது நாயனக்காரரக் காணோம்."

"என்னங்க?"

"ஒருத்தரு வாசிக்கிறாரு. அவரு நிறுத்துனா இன்னொருத்தரு எடுக்கணும். எடுக்கல. மாணிக்கம் வீட்டு ரேடியோவுல நல்லா கேக்குமே."

கடைக்காரர் அதை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டார். "டுவா டுவா அடா" என்றார். இரண்டும் இருக்கிறதாம். நீங்கள் நம்பவில்லை. என்னிடம் நீட்டினீர்கள். நான் மாட்டிக்கொண்டேன். வலப்பக்கம் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் இறக்கியதும் இடப்பக்கத்திலிருந்து இன்னொருவர், தோளுக்குப் பின்னால் வந்து நின்றதுபோல, அதை எடுத்தார்.

"இருக்காருங்க. இந்தப் பக்கம்" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினேன்.

கடைக்காரர் வளையத்தைத் திருப்பி, இடதை வலதாக்கி உங்கள் தலையில் மாட்டினார். இப்போது உங்களுக்கு இரண்டாமவர் கேட்டார். முதலாமவர் காணாமல் போனார். நீங்களே கழற்றித் திருப்பி மாட்டினீர்கள். மறுபடியும் திருப்பினீர்கள். தெருவில் லாரி போகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அதை மெதுவாக மேசைமேல் வைத்தீர்கள்.

"அப்ப இது நல்ல பெட்டிதான்" என்றீர்கள்.

நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க, வீட்டுக்குப் போலாம். இது நமக்கு எதுக்கு இனிமே?"

"இருக்கிற காதுக்காவது நல்லது வேணாமா?"

கடைக்காரர் பெட்டியின் தலைப்பக்கம் இருந்த இரண்டு துளைகளைக் காட்டினார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாட்டிக் கேட்கலாம். நீங்கள் கொஞ்ச நேரம் அந்தத் துளைகளையே பார்த்தீர்கள். அந்தப் பெட்டியையே எடுத்தீர்கள், காது வளையம் இன்னொன்று சேர்த்து. "ஒன்னு உனக்கு. அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு நீ சொல்லு" என்றீர்கள்.

திரும்பி வரும் பேருந்தில், "மாறி உக்காரு புள்ள" என்று என்னை உங்கள் வலப்பக்கத்துக்கு வரச் சொன்னீர்கள். தாப்பா தாண்டி மலை ஏறும்வரை முதல் பிள்ளை கலைந்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு உங்களிடம் ஒன்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அதை நான் கேட்கவே இல்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து படுத்திருந்தப்ப உங்ககிட்ட ஒன்னு கேட்டேனே. ஞாபகம் இருக்கா?"

"என்ன கேட்ட?"

"கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டுல போயி இருக்கட்டுமான்னு."

முழுதாக என் பக்கம் திரும்பிச் சொன்னீர்கள். "எனக்கு அது வந்து சேரவே இல்ல. கேட்டிருந்தா நானே கொண்டுபோயி விட்டிருப்பேன் லா."

நான் அழுததாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். அழவில்லை. அத்தனை வருடம் தூக்கிக்கொண்டு திரிந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் பேச்சில்லாமையை நான் மனதின் குறை என்று எண்ணியிருந்தேன். அது காதின் குறை. நீங்களும் அதுவரை அறியாமலே இருந்திருக்கிறீர்கள்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் பார்த்துவிட்டுத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே டாக்டர் சொன்னார், சின்ன வயதில் சீழ் வைத்த இடது காது, மிச்சத்தை மெஷின் சத்தம் தின்றுவிட்டது, இனி வராது என்று. அங்கேயே நின்றால் மற்றக் காதும் போகும் என்றும் சொன்னார். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு முன்னாலேயே நீங்கள் ஆபீஸுக்குப் போனீர்கள். கணக்கெழுதும் கிராணி சிரித்தாராம். "மெஷின் வேலைய விட்டுட்டு வெளிக்காட்டு வேலையா? சம்பளம் குறையும், தெரியுமில்ல?"

"ஒரு காத மெஷினுக்குக் குடுத்தாச்சு ஐயா. இன்னொன்னு எனக்கு வேணும்."

நாற்று மேடைக்கு மாற்றினார்கள். மழையிலும் பனியிலும் குனிந்தே நிற்கிற வேலை. ஊர் உங்களைப் பைத்தியக்காரன் என்றது. பாட்டுக் கேட்க வேலையை விட்டவன் என்றது. எனக்கும் பயம்தான். அரிசிப் பானையில் கை விடும்போதெல்லாம் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அவளை எப்போதும் வலத் தோளில்தான் போட்டுக்கொள்வீர்கள். அவள் முதன்முதலாக 'அப்பா' என்றது உங்கள் நல்ல காதுக்குள். மெஷினிலேயே இருந்திருந்தால் அந்தக் குரல் உங்களுக்கு எவ்வளவு காலம் கிடைத்திருக்கும்?

சாயங்காலம் சமையல் முடிந்ததும் இருவரும் சுவரில் சாய்ந்து ஆளுக்கொரு வளையத்தை மாட்டிக்கொள்வோம். "இப்ப அங்க என்ன?" என்று முழங்கையால் இடிப்பீர்கள். "எடுத்துட்டாரு. மேல போறாரு. ம்ம், இறங்கிட்டாரு." எனக்கு ராகம் தெரியாது. கண்ணில் பட்டதைச் சொல்வதுபோலக் காதில் விழுந்ததைச் சொல்வேன். உண்மையைச் சொன்னால், பல நாள் அது எனக்கு இன்னொரு வீட்டு வேலை. ஒருமுறை கண் மூடியபடியே, "நல்லா வாசிக்கிறாரு" என்றேன். கேசட் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. மகள் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தீர்கள். "தூங்கு புள்ள. அவரும் தூங்கட்டும்" என்று என் தலையிலிருந்து வளையத்தை நீங்களே கழற்றினீர்கள்.

அந்தப் பெட்டி நன்றாகவே உழைத்தது. உள்ளே ரப்பர் வார் தளர்ந்தால் பிரிஞ்சாங் கடைத்தெருவில் கொடுத்து மாற்றுவோம். பிறகு வார் கிடைக்காமல் போனது, கேசட்டும் போனது. வயதாக ஆக உங்கள் வலது காதும் மங்கியது. அதற்காக நீங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. "பொண்ணு பேசினதக் கேட்டுட்டேன், போதும்" என்றீர்கள். நெஞ்சில் சளி கட்டிப் படுத்த மழைக்காலத்தில், கடைசி வாரம் முழுவதும் என் வாயைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டீர்கள். அந்த அறையில் நான் சொன்ன எதுவும் உங்களுக்கு வந்து சேராமல் போகவில்லை. அந்த நிம்மதி எனக்கு இருக்கிறது.

எனக்கு ஒரு பழக்கம் தங்கிவிட்டது. முக்கியமான எதையும் நான் யாருடைய முதுகைப் பார்த்தும் சொல்வதில்லை. அடுப்படியிலிருந்து கத்துவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்பதில்லை. எழுந்து போய், எதிரில் நின்று, முகம் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்துதான் பேசுகிறேன். "எதுக்கும்மா இதுக்குப் போயி எந்திரிச்சு வர்ற? அங்கேர்ந்தே சொல்லலாம்ல?" என்று மகள் சலித்துக்கொள்கிறாள். என் முழங்காலும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் எழுந்து போகிறேன்.

உங்களோடு பேசத்தான் இப்போது சிரமமாக இருக்கிறது. எந்தப் பக்கம் வந்து நிற்பது என்று தெரியவில்லை.