பெரியவருக்குப் பக்கத்து இடம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இந்த வயதில் கற்ற எழுத்து ஏறியும் இறங்கியும் போகிறது என்று சிரிக்காதே, ஒன்றைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் முந்தினது எழுந்து நிற்கிறது. நானும் அம்மாவும் இருக்கிறோம், நீ சுகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் பாதி மருந்து.

மீதி மருந்துக்குத்தான் இந்தக் கடிதம். அம்மாவின் இடது கண் போனது போனதுதான், வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டது, நேற்று உப்பு என்று சோப்புத் தூளைப் போட்டு அடுப்பெல்லாம் நுரை. ஆபரேஷன் என்றால் மட்டும், பெரியவர் வேணாம்னுட்டாரே என்கிறாள். பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர்தான். கடவுள் வச்ச கண்ணுல கத்தி வைக்கச் சொல்றியே, ரெண்டு எழுத்து படிச்சிட்டா அவரையே திருத்துவியாம்மா என்று கூட்டத்தின் நடுவில் உன்னை அழவைத்தாரே, அன்றிலிருந்து நான் கறுவிக்கொண்டிருந்தேன். கேள், நேற்று நான் வண்டி தள்ளும் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்த ஒருவரை வார்டுக்குத் தள்ளிப்போகச் சொன்னார்கள். பார்த்தால் அவரேதான்! ஒரு கண்ணில் கட்டு, மறு கண் மங்கல், என்னைத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி, டாக்டர் கைராசிக்காரர்தானே, பார்வை வந்துடும்ல என்று நடுங்கினார். எனக்கு அவரைவிட வயது கூட. பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும் என்று கையை மட்டும் அழுத்தினேன். கடவுள்தான் உன்னை அனுப்பிச்சார் என்று ஆசீர்வதித்தார். உண்மைதான், அவர் நினைத்த காரியத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

கடவுள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை உள்ளே தள்ளுகிறேன், டாக்டரும் ஒரு நொடி கண்ணை மூடிவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறார், இதுவரை அந்த அறையில் கடவுளுக்கும் கத்திக்கும் சண்டைச் சத்தம் கேட்டதில்லை. நான் சொன்னால் அம்மா நம்பமாட்டாள், அவருக்கு ஆகாதவங்க கட்டிவிட்ட கதை என்பாள். அதனால் வியாழக்கிழமை அவர் மறுபரிசோதனைக்கு வரும்போது அம்மாவும் அங்கே இருப்பாள். இத்தனை வருஷம் என் கண்ணைச் சோதிக்கிறப்போ படிக்கத் தெரியாதவங்க அட்டையைப் பார்த்து, கோடு எந்தப் பக்கம்னு கையைத்தானே ஆட்டினேன், இந்தத் தடவை டாக்டர் முன்னால் எழுத்தையே வாசிக்கப்போறேன், வந்து கேளு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பெருமையாகச் சம்மதித்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடியோடு அவர் உட்காரும் பெஞ்சில் பக்கத்திலேயே அவளை உட்காரவைத்து, ஆபரேஷன் பண்ணின கண்ணு நல்லாத் தெரியுதா பெரியவரே என்று வார்டே திரும்பும்படி கேட்பேன். பதில் அவர் வாயால் அவள் காதில் விழட்டும்.

கடவுள் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பார். நேரத்துக்குச் சாப்பிடு, வியாழக்கிழமைவரை போனில் அம்மாவிடம் உளறிவிடாதே. அவர் முழித்த முழியை அடுத்த வாரம் விடாமல் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கட்டு அவிழ்க்கும் நாளில் அவரை எதிரே நிற்கவைத்து, நல்லாப் பாரு, இவர்தான் வேணாம்னவர் என்று காட்டுவேன்.

இப்படிக்கு,
கையெழுத்தும் தானே போடுகிற உன் அப்பா