ஜெர்மன் பத்திரிகையில் ஏழுமலை

திங்கள். வாடைக் காற்று. வலையில் ஓட்டை, நாளைக்குத் தைக்கலாம்.

ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று சத்தியம் செய்து இந்தச் சரித்திரத்தைத் தொடங்குகிறேன். ஜெர்மனியில் ஒரு தினசரி. விளையாட்டுச் செய்தி மட்டும். விரித்தால் படகுக்குப் பாய் கட்டலாம். கோல் விழுமுன்பே அச்சாகிவிடும். அதன் நிருபர் பழவேற்காடு வந்து, நானும் ஏழுமலையும் எதிர்க்கரைப் பசியாவரம் போய்த் திரும்பிய படகுப் போட்டியைப் பார்த்து, ஜெயித்த ஏழுமலையை முதல் பக்கத்தில் போட்டார். அன்று ஜெர்மனியில் ரயில்கள் நின்றன.

வருஷக்கணக்காக இதுதான் என் கதை. புதனன்று ஏழுமலை பேரனுக்குக் காதுகுத்து. சம்பந்தி வீட்டுக்கு அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டுமாம்.

செவ்வாய். மூட்டம். வலை தைக்கவில்லை.

டீக்கடையில் என் அக்கா மகள் செல்வி போனில் அந்தப் பேப்பரைத் தேடினாள். பக்கத்தில் ஏழுமலை, புதுச் சட்டையில்.

"மாமா, அப்படி ஒரு பேப்பர் நிஜமாவே இருந்திருக்கு."

எனக்கே அதிர்ச்சி. படகு எஞ்சினைச் சுற்றிப் பெட்டியில் வந்த ஒரே ஒரு பழைய தாள்தான் நான் கண்டது.

"ஆனா நீங்க ரேஸ் வுட்டதுக்கு ரொம்ப முன்னாடியே மூடிட்டாங்க. அதுக்குப் போட்டியா இருந்த பேப்பர்காரன் வாங்கிட்டான்னு போட்டிருக்கு."

"செத்த பேப்பரு நிருபரை அனுப்பிக்கீது," என்றார் கடைக்காரர். சிரிப்பு. "அப்போ ரேஸும் டூப்புதான்."

ஏழுமலை சிரிக்கவில்லை. "இன்னா மச்சான், நான் ஜெயிச்சதும் பொய்யா?"

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, "அந்த ஜெர்மன்காரன் இன்னா பண்ணான்னா..." ஏழுமலை எழுந்து போய்விட்டான். அவன் டீ அப்படியே, ஆடை கட்டி.

புதன். காற்றே இல்லை. காதுகுத்து. வெள்ளைச் சட்டை, ஒரு பொத்தான் காணோம்.

அந்தப் போட்டிக்குச் சாட்சி கிடையாது. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பது எங்கள் வழக்கம். அன்று சீட்டுக்குத் தாமதமாகப் போய் இடம் கிடைக்காத சோம்பேறிகள் நாங்கள் இருவர் மட்டும். ஊரே வலையில். வெறும் படகு, சும்மா இருந்த கை, போட்டி. தோற்றவன் நான். அதை என் வாயால் சொல்லக் கசந்தது. ஜெர்மன்காரனைச் சொல்ல வைத்தேன்.

பந்தலில் எழுந்து நின்றேன். "பேப்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏழுமலை என்னை ஜெயிச்சான். நான் தோத்தேன்."

"மாமா அடுத்த கதைய ஆரம்பிச்சிட்டாரு," என்றது யாரோ. பந்தல் முழுக்கச் சிரிப்பு. சம்பந்தியும். ஏழுமலை என்னைப் பார்க்காமல் அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான்.

நிருபர் வரவில்லை. படம் இல்லை. ரயில் ஒன்றும் நிற்கவில்லை. ஏழுமலை முந்தினான். அது மட்டும் நிஜம்.