சொகுசு ஹோட்டல் சந்தா

ஊரிலிருந்து வரும் தன் சித்தப்பாவையும் சித்தியையும் அழைத்துவர நெடுஞ்செழியன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியதும், தாமரைச்செல்வி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்க ஒரு சீட்டு எழுதினாள்.

"ஏங்க, சாம்பார் ஃபிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. மாவு வெளிய புளிக்குது, மறக்காம எடுத்து உள்ள வைங்க. மேல் ரூம்ல பெட்ஷீட் மாத்தியாச்சு. ஸ்பேர் சாவி ஷூ ராக் மேல இருக்கு, உங்க சித்தப்பாகிட்ட குடுத்திருங்க.

சொகுசு ஹோட்டல்களப் பத்தி எழுதற அந்த ரெவ்யூ வெப்சைட் சந்தாவ நேத்து ரின்யூ பண்ணினீங்கன்னு கத்தினேன். நாம எந்த ஹோட்டல்ல தங்கியிருக்கோம்? எந்த ஊருக்குப் போனாலும் சொந்தக்காரங்க வீடு. இங்க பக்கத்துல இருக்கற பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு வர்ற அத்தனை பேருக்கும் நம்ம வீடு."

பேனா நின்றது. போன பொங்கலுக்கு முன்னால், வயிற்றிலேயே இறந்துபோன குழந்தையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவள் திரும்பிய அன்றும் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். மாடியறை அவர்களுக்கு, சோபா அவளுக்கு. "ரெண்டு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றான் நெடுஞ்செழியன். மறுநாள் காலை அவர்களுக்கு அவள்தான் இட்லி ஊற்றினாள்.

அதை அவள் சீட்டில் எழுதவில்லை.

"இன்னிக்கு உங்க லாகின்ல போய் நானும் படிச்சேன். ஒரு ஹோட்டலப் பத்தி, 'நாம கூப்பிடாம யாரும் கதவத் தட்ட மாட்டாங்க'ன்னு போட்டிருந்தாங்க. அங்க ரூம் எடுத்திருக்கேன். தேடி வராதீங்க."

தாளில் இடம் தீர்ந்திருந்தது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"சந்தா இருக்கட்டும், கேன்சல் பண்ணிடாதீங்க. எனக்கு இன்னும் எத்தன நாளைக்கு வேணும்னு தெரியல."