தொங்கும் எலும்புக்கு எங்கே அச்சு?

இன்று காலை பள்ளங்கி மலைக்கிராமத்தில் பசைக் குழாயைத் திறந்ததும் அந்தக் காட்டமான நெடி மூக்கில் ஏறியது. இதே முற்றத்தில், இதே பொதிக்குதிரையின் முன்னங்காலில், ஒளியைத் திருப்பும் சிறு உருண்டைகளை நீ ஒட்டிய நாள் கண்முன் வந்தது. நீ மாட்டு டாக்டர், நான் இன்ஜினியர். எலும்பு உன் பாடு, கணக்கு என் பாடு என்று பிரித்திருந்தோம். அந்தப் பிரிவினையை நீ ஒருநாளும் மதித்ததில்லை.

பூண்டு மூட்டை சுமக்கும் குதிரை இறக்கத்தில் நொண்டியது. முட்டி பக்கவாட்டில் கோணுகிறது என்று தெரிந்தால் விற்றுவிடுவதாகக் குதிரைக்குச் சொந்தக்காரரான அக்கா சொல்லியிருந்தார். சுமக்காத குதிரைக்குத் தீனி போட அவரால் முடியாது.

ஓர் எலும்பு இன்னொன்றின் மேல் எப்படி அசைகிறது என்று அளக்க, முதலில் ஒவ்வொன்றுக்கும் அச்சுக்கோடு குறிக்க வேண்டும். கேமராக்களுக்குத் திசை காட்டும் அளவுச் சட்டத்தை நீ முற்றத்துத் தரையில் வைத்தாய். அதன் மேல்நோக்கிய கோட்டையே எலும்பின் நெடுக்கு அச்சாக எடுத்துக்கொண்டாய். குதிரையை நடக்கவிட்டு, உருண்டைகளைப் படம்பிடித்தோம். கணினித் திரையில் ஒவ்வோர் எட்டிலும் முட்டி கோணியது.

“முடிஞ்சது. அக்காட்ட சொல்லிட்டு வெரசா கெளம்புவோம்,” என்றேன்.

“ஏலே, அங்க போயி ஒனக்கு என்ன சோலி கெடக்கு? பொறு.”

குந்தி உட்கார்ந்து, லாடம் அடிப்பவர் போலக் காலை மடியில் வைத்து மடக்கினாய். திரையில் அதே கோணல். “எடையே இல்ல. கையில சும்மா மடங்குது. அப்பவும் கோணுதுன்னா கோணல் முட்டியில இல்ல.”

குதிரையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாய். கால் கழுவிய தண்ணீர் முற்றத்தின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தாய். “மலையில பொறந்த நமக்கு இதுதாம்ல சமதரை!”

“சாய்ப்பு இல்லாட்டி மழத்தண்ணி அடுப்படிக்குல்ல வரும்?” என்றார் அக்கா. “குதிரையப் பாக்க வந்தீங்களா, வாசலப் பாக்க வந்தீங்களா?”

“ரெண்டையுந்தாங்க,” என்றாய்.

தரை சாய்ந்திருந்ததால் சட்டத்தின் கோடும் சாய்ந்திருந்தது. அதை விட்டுவிட்டு எலும்பின் மேடுகளைத் தடவியே அச்சு குறித்தோம். கோணல் காணாமல் போயிற்று.

“முட்டி நல்லாருக்குங்க. விக்காதீங்க,” என்றாய் அக்காவிடம்.

“அப்ப ஏன் நொண்டுது?”

“தெரியலைங்க.” அதை ஏதோ பரிசு வாங்கியவன் போலச் சொன்னாய். எனக்கு எரிச்சல். திரும்பும் வழியில் ஜீப்பில் கேட்டாய்: “குதிரைக்குக் கழுத்தெலும்பு கெடையாது. தோளெலும்பு சதையில தொங்குது. தொங்குறதுக்கு எங்க அச்சு போடுவ?” அடுத்த மழையில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

அதன் பிறகு அக்கா குதிரையைப் பாதிச் சுமையோடு ஓட்டிக்கொண்டிருந்தார். இனி முடியாது என்று சொல்லி அனுப்பியதால்தான் இன்று போனேன். தோளில் உருண்டைகளை ஒட்டினால், அவை தோலோடு நகர்கின்றன. எலும்பு அடியில் வேறெங்கோ போகிறது. திரையை மூடிவிட்டு, தோளெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்தபடி குதிரையோடு நடந்தேன். சமதரையில் எலும்பு தாராளமாகப் பின்னால் சறுக்கியது. இறக்கத்தில் பொதி முன்னால் நழுவி அதன் மேல் உட்கார்ந்தது. எலும்பு பாதியில் நின்றது.

பொதியை ஒரு சாண் பின்னால் இழுத்து, வால் பக்கம் ஒரு கயிறும் போட்டுக் கட்டச் சொன்னேன். மறுபடி இறங்கினோம். எலும்பு கைக்கடியில் முழுதாக ஓடியது. குதிரை நொண்டவில்லை.

“இத விக்கவா சொன்னேன் நானு?” என்று அக்கா அதன் கழுத்தைத் தட்டினார்.

அந்த ஓட்டம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஆனால் அது ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பவில்லை. சுற்றுகிற புள்ளியும் கூடவே நகர்கிறது. அப்படியானால் அச்சை எங்கே போடுவது? நாளையும் போகிறேன்.